கண்ணு வெச்சது

வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி என் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தார்.

1998. கோயம்புத்தூரில் ஒரு சப் புரோக்கர் அலுவலகம். மொட்டை மாடியில் வீசாட் குடை, உள்ளே இரண்டு டெர்மினல், வாடிக்கையாளர்களுக்கு நாலு பிளாஸ்டிக் நாற்காலி. 1991இலிருந்து கோவைக்கென்று தனிப் பங்குச் சந்தையே இருந்த ஊர் என்பதால், மில் வாசலிலும் பட்டறையிலும் ஷேர் பேச்சு சகஜம். ஆனாலும் 1994 கடைசியில் தேசியப் பங்குச் சந்தை திரை வழியாக வியாபாரத்தைத் தொடங்கிய பிறகுதான் பம்பாய் விலை எங்கள் மேஜைக்கே வந்து உட்கார்ந்தது. அந்தத் திரைக்கு முன்னால் உட்காரப்போகிறோம் என்ற பெருமிதத்தோடு போன என்னிடம், பள்ளிக்கூடப் பையனுக்குக் கொடுப்பதுபோல நோட்டைக் கொடுக்கிறாரே என்று இருந்தது.

"ஒரு பக்கத்துக்கு ஒரு ஷேர். மேல பேரு. கீழ இன்னைக்குத் தேதி, இன்னைக்கு வெல. எதுக்குப் புடிச்சுது, என்ன வெலைக்கு வந்தா வாங்குவே, அதையும் எழுது. நாப்பது பக்கம் ரொம்பிருச்சுன்னா ஒண்ணக் கிழிச்சாத்தான் இன்னொண்ணு."

"வாங்குன ஷேர எதுலீங்க எழுதறது?"

"அது கணக்கு. கணக்குப் புஸ்தகத்துல இருக்கும். இது கண்ணு வெச்சது. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பாத."

அந்த நோட்டுக்குத்தான் இன்று வாட்ச் லிஸ்ட் என்று பெயர். இருபது வருஷம் டீலராக இருந்துவிட்டு, இப்போது முப்பது குடும்பங்களுக்கு வீட்டுக் கணக்கு வைத்துக் கொடுக்கிறேன். வங்கி, வைப்பு நிதி, நகைக்கடன், ஷேர், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் ஒரே மென்பொருளுக்குள். அதில் ஓர் ஓரமாக வாட்ச் லிஸ்ட். என் மொத்த அனுபவத்தில் கால்வாசி அந்த ஓரத்தில்தான் கிடைத்தது.

டெர்மினலில் இருந்த பட்டியலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்கு மார்க்கெட் வாட்ச் என்று பெயர். ஒரு ஷேரின் பெயரைச் சேர்த்துவிட்டால் வாங்கக் கேட்கிற விலை, விற்கச் சொல்கிற விலை, கடைசியாக நடந்த விலை எல்லாம் வரிசையாக ஓடும். ஏறினால் நீலம், இறங்கினால் சிவப்பு. எஃப்1 தட்டினால் வாங்கும் படிவம், எஃப்2 தட்டினால் விற்கும் படிவம். கண்ணுக்கும் கைக்கும் நடுவே ஒரே ஒரு பொத்தான். அந்த ஜன்னல் வியாபாரத்துக்காகவே செய்யப்பட்டது. ஆர்டர் விழுந்தால்தான் புரோக்கரேஜ், புரோக்கரேஜ் வந்தால்தான் என் சம்பளம். அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

நாற்காலியில் உட்கார்கிறவர்களில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் உண்டு. எதை வாங்க வேண்டும் என்று சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டு வருவார். போகும்போது வேறொன்றை வாங்கிக்கொண்டு போவார். கேட்டால், "அது நீலமா ஓடிட்டே இருந்துச்சுப்பா" என்பார். அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். நானும் அப்படி வாங்கியிருக்கிறேன்.

வீட்டுக் கணக்கு வேலைக்குள் என்னை இழுத்தவர், மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். 2003இல் அமெரிக்காவிலிருந்து வந்த மகன், அங்கே பிரபலமான ஒரு வீட்டுக் கணக்கு மென்பொருளின் குறுந்தகடைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். "தம்பி, ஞாயித்துக்கெழம வந்து இதக் கொஞ்சம் ஓட்டிக் குடுங்க" என்றார். போனேன். வரவு செலவு எல்லாம் அழகாக ஏறியது. வாட்ச் லிஸ்ட்டும் இருந்தது. வாங்காத ஷேரின் பெயரைச் சேர்த்து, கவனிக்க என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் போதும், விலை தானாக வந்துவிடும் என்று உதவிப் பக்கம் சொன்னது. நம் ஊர் ஷேருக்கு வரவில்லை. அதனால் ஞாயிறுதோறும் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை விலையைக் கையால் தட்டினோம். பதினாறு ஷேர், பதினாறு விலை. வாரத்துக்கு ஒருமுறை.

அது எவ்வளவு நல்ல கட்டுப்பாடாக இருந்தது என்று பின்னால்தான் புரிந்தது. விலையைப் பார்க்க உழைக்க வேண்டியிருந்ததால், தேவையில்லாத ஷேரை அவரே அடிக்கச் சொல்லிவிடுவார். "இதுக்கு வேற எதுக்குங்க தட்டிட்டு, எடுத்துருங்க."

2004 ஜூலை முதல் வாரம் வேலை நாளிலேயே போன் வந்தது. குரல் நடுங்கியது.

"தம்பி, இன்ஃபோசிஸ் முக்காவாசி போயிருச்சுங்க. பேப்பர்ல பாத்தனுங்க. எனக்கு நெஞ்சு படபடங்குது."

"போகலீங்க மாஸ்டர். ஒண்ணுக்கு மூணு போனஸ் குடுத்திருக்காங்க. ஒரு ஷேர் நாலு ஷேரா ஆகும்போது வெலையும் நாலுல ஒண்ணா ஆயிருமுங்க. யாருக்கும் நட்டமில்ல."

"அப்படீங்களா." பெருமூச்சு கேட்டது.

"அதுசரி, உங்ககிட்ட இன்ஃபோசிஸே இல்லீங்களே. எதுக்குப் படபடப்பு?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "தெனமும் பாத்துட்டே இருந்தா நம்முளுது மாதிரி ஆயிருதுல்லீங்க?"

வாட்ச் லிஸ்ட்டைப் பற்றி இதற்குமேல் சரியாக யாரும் எனக்குச் சொல்லவில்லை. வாங்காமலேயே லாபப்பட்டு, வாங்காமலேயே நட்டப்பட்டு, தூக்கம் கெடும். முதலாளி கணக்கையும் கண்ணு வெச்சதையும் பிரிக்கச் சொன்னது அன்றைக்கு உறைத்தது.

உறைத்த பிறகும் நானே ஒரு தப்புச் செய்தேன். மென்பொருளை மாற்றி, இலவசமாகக் கிடைக்கிற குனூகேஷுக்கு வந்திருந்தோம். இரட்டைப் பதிவு முறைக் கணக்கு, பற்று வரவு இரண்டும் சமமாக நிற்கும், எனக்குப் பிடித்த வகை. வாட்ச் லிஸ்ட் என்று தனிப் பக்கம் அதில் கண்ணில் படவில்லை. சோம்பல்பட்டு ஒரு குறுக்கு வழி பிடித்தேன். கவனிக்க வேண்டிய ஒவ்வொரு ஷேரிலும் ஒரே ஒரு ஷேர் வாங்கியதாகப் பொய்ப் பதிவு போட்டேன். பட்டியலில் பெயர் வந்தது, விலையும் ஓடியது. மார்ச் கடைசியில் ஒரு குடும்பத்தின் சொத்து நிலவரம் எடுத்தால் இருபதாயிரத்துச் சொச்சம் ரூபாய் கூடுதலாக நிற்கிறது. அவர்களிடம் இல்லாத ஷேர்களின் மதிப்பு அது. அதை ஆடிட்டருக்கு அனுப்பும் முன் பிடித்ததால் தப்பித்தேன். அன்று இரவே பொய்ப் பதிவை எல்லாம் அழித்தேன். இப்போது பங்கின் பெயரையும் விலையையும் மட்டும் பதிவேன், வாங்கியதாக ஒரு வரிகூட இருக்காது. எந்த மென்பொருளானாலும் அந்த இரண்டும் தனித்தனியாக இருக்க இடம் உண்டு. தேடிக் கண்டுபிடிக்கத்தான் பொறுமை வேண்டும்.

விலை எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த பாடம். சந்தை முடிந்த பிறகு சாயங்காலம் தேசியப் பங்குச் சந்தை தன் தளத்தில் ஒரு கோப்பைப் போடும். தொழிலில் அதற்கு பாவ் காப்பி என்று பெயர். பாவ் என்றால் வடக்கே விலை. அன்றைக்கு வியாபாரமான எல்லாப் பங்கின் தொடக்கம், உச்சம், தாழ்வு, முடிவு விலை அதில் இருக்கும். அதை இறக்கி, எக்செலில் மேக்ரோ எழுதி, மென்பொருளுக்குள் ஏற்றிவிடுவேன். ஒரு ஷேர் மட்டும் மூன்று வாரமாக 86 ரூபாயிலேயே நின்றது. வாடிக்கையாளர் டீச்சரம்மா சொன்னார், "இது ரொம்ப ஒழுக்கமான ஷேருங்க, அசையறதே இல்ல." சந்தேகப்பட்டு பாவ் காப்பியைத் திறந்தால் விலை 71.

காரணம் இதுதான். ஒவ்வொரு பங்குக்கும் பக்கத்தில் ஒரு தொடர் எழுத்து இருக்கும். சாதாரணப் பங்குக்கு ஈக்யூ. கண்காணிப்பில் வைக்க வேண்டிய பங்கைச் சந்தை பிஈ என்ற தொடருக்கு மாற்றிவிடும். அங்கே காலையில் வாங்கி மாலையில் விற்று நேர்செய்ய முடியாது, ஒவ்வொரு வியாபாரமும் டெலிவரிதான். என் மேக்ரோ ஈக்யூ வரிகளை மட்டும் படித்தது. வரி கிடைக்காவிட்டால் பழைய விலையை அப்படியே விட்டுவைத்தது. அந்தப் பங்கு பிஈக்குப் போனதே கவனிக்க வேண்டிய செய்தி. அதைச் சொல்ல வேண்டிய பட்டியல், எல்லாம் அமைதி என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து என் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் விலையின் தேதி நிற்கும். நாலு நாளுக்குமேல் பழையதானால் அந்த வரி மஞ்சளாகும். தேதி இல்லாத விலையை நான் விலையாகவே எடுத்துக்கொள்வதில்லை.

குறியீடும் அப்படித்தான் காலை வாரும். எங்கள் ஊர் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் 2024இல் எல்எம்டபிள்யூ என்று பெயரை மாற்றிக்கொண்டது. சந்தைக் குறியீடும் மாறியது. பழைய குறியீட்டை வைத்து விலை கேட்கும் மென்பொருளுக்குப் பதில் வராது. பங்கின் ஐஎஸ்ஐஎன் எண்ணை வைத்துத் தேடினால் பெயர் மாறினாலும் ஆள் அதே ஆள் என்று தெரியும். ஆனால் முகமதிப்பைப் பிரித்தால் அந்த எண்ணும் புதிதாகிவிடும். ஆகவே இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

முகமதிப்பு என்றதும் இன்னொன்று. ஒரு குடும்பத்தின் பட்டியலில் ஹெச்டிஎஃப்சி வங்கி இருந்தது. 2,000 ரூபாய்க்குமேல் போய்க்கொண்டிருந்த பங்கு. 1,700க்கு வந்தால் மணி அடிக்கும்படி வைத்திருந்தேன். 2019 செப்டம்பரில் 2 ரூபாய் முகமதிப்பை ஒரு ரூபாய் ஆக்கினார்கள். மறுநாள் காலை விலை பாதி. மணி அடித்தது. வீட்டுக்காரர் பேருந்திலிருந்து கூப்பிட்டு, "வந்துருச்சுங்க, வாங்கிரலாமுங்களா?" என்கிறார். நோட்டில் அந்த 1,700ஐ 850 என்று திருத்தாமல் விட்டது என் குற்றம். வாங்க நினைத்த விலையும் போனஸோடும் பிரிப்போடும் சேர்ந்து மாற வேண்டும். ஒருநாள் திடீரென்று பாதியோ கால்வாசியோ குறைந்தால் சந்தையைச் சந்தேகப்படும் முன், போனஸோ பிரிப்போ விலையில் ஏறுகிற எக்ஸ் தேதியைப் பார்ப்பது இப்போது கையோடு வந்த பழக்கம்.

எந்தெந்தக் கட்டங்களை வைத்துக்கொள்வது என்று கேட்பவர்களுக்கு என் பட்டியலைக் காட்டுவேன். முதலாளி சொன்ன ஐந்தும் இருக்கும். பெயர், சேர்த்த தேதி, அன்றைய விலை, காரணம், வாங்கும் விலை. விலையின் தேதி நான் சேர்த்தது. எல்லா மென்பொருளும் முன்னிறுத்திக் காட்டுகிற "இன்றைய மாற்றம்" கட்டத்தை மறைத்துவிடுவேன். அந்த இடத்தில் தூரம் என்று ஒன்று வைப்பேன். இன்றைய விலை 812, வாங்க நினைத்தது 640 என்றால், இன்னும் 21.2 சதவீதம் இறங்க வேண்டும். 172ஐ 812ஆல் வகுக்க வேண்டும், 640ஆல் அல்ல. 640ஆல் வகுத்தால் 26.9 என்று வரும், எவ்வளவு இறங்க வேண்டும் என்ற கேள்விக்கு அது தப்பான விடை. நீலமும் சிவப்பும் போய், தூரம் மட்டும் நின்றதும் வீட்டில் ஒரு மாற்றம் தெரியும். 21 சதவீதம் தள்ளி நிற்பதைத் தினமும் எட்டிப்பார்க்க யாருக்கும் தோன்றாது.

காரணம் எழுதுகிற கட்டம்தான் எல்லோருக்கும் கஷ்டம். "நல்ல கம்பெனி" என்று எழுதுவார்கள். அதை நான் ஏற்றமாட்டேன். "கடன் இல்லை, அஞ்சு வருஷமா டிவிடெண்ட் நிக்கலை" என்றால் ஏற்றுவேன், ஏனென்றால் அது பொய்யாகும் நாளைக் கண்டுபிடிக்கலாம். பொய்யானால் வரியை நீக்கிவிடலாம், விலை என்னவாக இருந்தாலும்.

இந்தக் கட்டம் எனக்கு இன்னொரு விதத்திலும் கைகொடுத்தது. 2013 செபி விதிமுறைப்படி பதிவு பெறாதவர் கட்டணம் வாங்கிக்கொண்டு முதலீட்டு ஆலோசனை சொல்லக்கூடாது. நான் கணக்கு எழுதுகிறவன். சப் புரோக்கர் என்ற வகையே 2019 மார்ச்சோடு முடிந்துபோனது, நானும் அந்த நாற்காலியை விட்டுவிட்டேன். ஆனால் வீடுகளில் கேள்வி நிற்காதே. "வாங்கலாமுங்களா?" என்று கேட்டால் பதில் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதனால் அவர்கள் எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டுவேன். "போன ஆடி மாசம் நீங்க எழுதுனது இதுங்க." அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பல சமயம் அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

அது போதாமல் போனது 2020 மார்ச் 23, திங்கட்கிழமை. காலையில் சந்தை பத்து சதவீதம் விழுந்து 45 நிமிஷம் நிறுத்தினார்கள். திறந்ததும் மேலும் விழுந்தது. சென்செக்ஸ் அன்று 3,934 புள்ளிகள் இறங்கியது. என் கம்ப்யூட்டரில் முப்பது வீட்டு மணியும் அடித்தபடியே இருந்தது. வருஷக்கணக்காகத் தூரம் 20, 25 என்று நின்றவை எல்லாம் பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே போய்விட்டன. டீச்சரம்மாவின் பட்டியலில் பதினொன்றில் ஏழு விலைக்கு வந்திருந்தன.

அவர் எழுதியிருந்த காரணங்களைப் படித்தேன். கேட்டார். "எல்லாஞ் சரிதானுங்க. ஆனா வாங்கணுமுங்களா?" முன்பெல்லாம் "வாங்கலாமுங்களா" என்று கேட்டவர். அந்த ஓரெழுத்து வித்தியாசத்தில் பயம் முழுக்க இருந்தது.

அப்போது மென்பொருளின் அடுத்த பக்கத்தைத் திறந்தோம். சேமிப்புக் கணக்கில் 1,40,000. மகளின் கல்லூரிக் கட்டணம் ஜூனில் 85,000. வீட்டுக் கடன் தவணை மாதம் 19,500. ஏழு ஷேரிலும் அவர் நினைத்திருந்தபடி வாங்க மூன்று லட்சம் தேவை. கட்டணத்தை ஒதுக்கி, நாலு மாதத் தவணையாக 78,000த்தைத் தனியாக வைத்தால் கையில் நிற்பதே கடன். மூன்று லட்சத்துக்குக் கண் வைத்திருந்தோம், மூவாயிரத்துக்குக்கூட வழி வைத்திருக்கவில்லை. அவர் ஒன்றும் வாங்கவில்லை. அந்த மாதம் வாங்கியவர்கள் பின்னால் நிறையச் சம்பாதித்தார்கள் என்பது தெரிந்ததுதான். ஆனால் ஜூன் மாதக் கட்டணத்தை யாரும் தள்ளிப்போடவில்லை, அவருடைய வீட்டில்.

அதன்பிறகு பட்டியலின் அடியில் ஒரு வரி சேர்த்தேன். "இதற்காக ஒதுக்கிய பணம்." டீலர் திரையிலும் செல்போன் செயலியிலும் இந்த வரி இருக்காது. அவற்றுக்குக் கல்லூரிக் கட்டணம் தெரியாது. வாட்ச் லிஸ்ட்டை வீட்டுக் கணக்குக்குள்ளேயே வையுங்கள் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இந்த ஒரு வரிக்காகத்தான். டீச்சரம்மா மாதம் 4,000 என்று தனி லிக்விட் ஃபண்டில் போட ஆரம்பித்தார். அது சேரச் சேரப் பட்டியல் சின்னதானது. பணத்துக்குத் தகுந்த கண் போதும் என்றார்.

செயலிகள் வந்தபிறகு சேர்ப்பது சுலபம். விரலால் ஒரு தொடுதல். இளைஞர்களின் போனில் நூற்றுக்கும் மேலே பார்த்திருக்கிறேன். எதற்குச் சேர்த்தாய் என்றால் பாதிக்குக் காரணம் தெரியாது. நான் இன்னும் நாற்பதுக்குமேல் ஏற்றுவதில்லை, பெரும்பாலும் பதினைந்தில் நின்றுவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலாண்டு முடிவுகள் வந்து ஓய்ந்த பிறகு, கிழிக்கும் வேலை. கிழித்ததையும் தேதியோடு காரணத்தோடு தனித் தாளில் வைப்பேன். அந்தத் தாளைப் புரட்டினால் எனக்கே கூச்சமாக இருக்கும். நான் நீக்கியபிறகு மூன்று மடங்கானவை அதில் உண்டு. "பொறுமை போதவில்லை" என்று காரணக் கட்டத்தில் நேர்மையாக எழுதியதும் ஒன்று உண்டு.

ஸ்பின்னிங் மாஸ்டருக்கு இப்போது எண்பது. பதினாறு ஷேர் ஏழாகிவிட்டது. மாதத்தின் முதல் ஞாயிறு போவேன். பார்வை மங்கியதால் நான் படிக்க அவர் கேட்பார். பெயர், தூரம், பெயர், தூரம். போன முறை எதுவும் பத்து சதவீதத்துக்குள் வரவில்லை. ஒரு வரிக்குக் காரணத்தைக் கேட்டார், படித்தேன். 2011இல் அவர் சொல்லி நான் தட்டியது.

"இன்னும் நெசந்தானுங்களா அது?"

"நெசந்தானுங்க."

"அப்ப இருக்கட்டும். மூடிருங்க."

மணி பார்த்தேன், ஆறு நிமிஷம் ஆகியிருந்தது. காப்பி வந்தது. கொல்லையில் குலை தள்ளியிருந்த வாழையைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார்.